துரையை இன்னொரு முறை நிற்கச் சொன்னோம்

திருச்சி சத்திரம் பேருந்து நிலையத்தில், வராத ஒரு பேருந்துக்காக நின்றுகொண்டிருந்தபோதுதான் அந்தக் காணொளி கண்ணில் பட்டது. தொப்பி போட்ட ஒரு மனிதர் மண் வட்டத்தின் நடுவே முதுகைக் காட்டி நிற்கிறார். வேலியை ஒட்டி ஓடிக்கொண்டிருந்த குதிரை வேகத்தைக் குறைக்கிறது, நிற்கிறது, கொஞ்சம் யோசிக்கிறது, பிறகு தானாக நடந்து வந்து அவர் தோளில் முகத்தை வைக்கிறது. சாட்டை இல்லை, கயிறு இல்லை. கீழே கருத்துப் பெட்டியில் ஊரே அழுதிருந்தது.

எனக்கு அழுகை வரவில்லை, ஆசை வந்தது. படத்தின் ஓரத்தில், அரை விநாடி, வேலிக்கு வெளியே ஒருவர் தெரிந்தார். குதிரையின் சொந்தக்காரர் போல. கண்ணை இறுக மூடியிருந்தார். எல்லோரும் பார்க்க வந்த காட்சியை அவர் மட்டும் பார்க்கவில்லை. அவரை யார் படம் எடுத்தார்கள்? யாரும் எடுக்கவில்லை. கல்யாணங்களுக்குப் படம் எடுப்பவள்தானே, அப்படியானால் நான் எடுக்கிறேன் என்று அங்கேயே முடிவு செய்தேன். பேருந்து வந்ததையும் போனதையும் கவனிக்கவில்லை.

அந்தத் தொப்பிக்காரருக்குப் படம் எடுப்பவர் எங்கள் ஊர் சேகர் அண்ணன்தான் என்று தெரிந்ததும் அவர் ஸ்டூடியோ வாசலில் போய் நின்றேன். அடுத்த பயிற்சிக் காட்சிகள் இலங்கையில், முதல் ஊர் யாழ்ப்பாணம் என்றார். "உனக்கு இங்கிலீஷ் நல்லா வரும்ல மது? அப்ப மேடையில நீதான் தமிழ்ல சொல்லணும். மிச்ச நேரத்துல பின்னாடி நடக்கிறதை எடு. ஆனா வாயை அடக்கு." மூன்றாவது நிபந்தனையை நான் சரியாகக் காதில் வாங்கவில்லை.

நாகப்பட்டினத்துக் கப்பலில் பாதி வழி வரை படம் எடுத்தேன், மீதி வழி வாந்தி எடுத்தேன். காங்கேசன்துறையில் இறங்கி ஆட்டோவில் ஏறியதும் மறுபடியும் கேமராவைத் தூக்கிவிட்டேன். அகலமான சாலை, ஹாரன் அடிக்காத வண்டிகள், பனைகள். ஒரு வளைவில் கூரையில்லாத வீடு. உள்ளே ஒரு வேப்பமரம் வளர்ந்து, ஜன்னல் வழியாக ஒரு கிளையை வெளியே நீட்டியிருந்தது.

"ஐயோ, என்ன ஃப்ரேம்!" என்று கத்தினேன்.

"ஓம், வடிவா எடுங்கோ தங்கச்சி," என்றார் ஆட்டோக்காரர். "உது எங்கடை பெரியப்பான்ரை வீடு."

கேமராவை இறக்கினேன். அவர் வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார். "ஏன் நிப்பாட்டிப்போட்டியள்? பின்னாலை கிணறும் கிடக்கு. அதையும் எடுங்கோவன்." குரலில் குத்தலே இல்லை. குத்தல் இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். நான் இறங்கிப்போய், எடுப்பதுபோல் பாவனை செய்து, எடுக்காமல் திரும்பி வந்தேன்.

உரும்பிராயில் எங்களுக்கு ஒரு வீடு பிடித்திருந்தார்கள். காலையில் புட்டும் சொதியும் வந்தன. எங்கள் பக்கம் புட்டு என்றால் மலையாளத்துக் கடைச் சமாசாரம். இங்கே அதற்குச் சம்பல், கத்தரிக்காய்ப் பொரியல், கடைசியில் வாழைப்பழம் என்று ஒரு குடும்பமே துணைக்கு வருகிறது. வாசலில் பாட்டுப் போட்டுக்கொண்டு பாண் விற்கும் ஆட்டோ போகும். ரொட்டிதான், இங்கே பாண். நான் அதை ஐஸ்கிரீம் வண்டி என்று நினைத்து ஓடிப்போய் வெறும் கையோடு திரும்ப வெட்கப்பட்டு இரண்டு பாண் வாங்கிவந்தேன்.

தொப்பிக்காரரை எல்லோரும் கேப்டன் என்றுதான் கூப்பிடுவோம். ராஜஸ்தான்காரர். ஒரு காலத்தில் குதிரைமேல் ஏறி விளையாடும் போலோ அணிக்குக் கேப்டனாக இருந்தவர், பெயர் ஒட்டிக்கொண்டது. பதாகையிலும் அப்படியே பெரிதாக அடித்திருந்தோம்: "இந்தியாவிலிருந்து கேப்டன் வருகிறார்." சந்தித் தேத்தண்ணிக் கடையில் அதைக் கட்டப் போனபோது கடைக்காரர் எழுத்துக்கூட்டி வாசித்தார்.

"இந்தியாவிலை இருந்து கப்டனோ? உவையள் போய்க் கனகாலமெல்லே. பேந்தும் வருகினமோ?"

வாங்குப் பலகையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சேர்ந்து சிரித்தேன். தேநீர் பாதி குடித்த பிறகுதான் உறைத்தது. எங்கள் நாட்டு ராணுவம் இங்கே இருந்த காலம் எனக்குப் பாடப் புத்தகத்தில் ஒரு வரி. இவர்கள் அதை வீட்டு வாசலில் பார்த்தவர்கள். கறுப்பு டேப் வாங்கி அந்த ஒரு சொல்லை மறைத்தேன். மத்தியான வெயிலுக்குள் டேப் சுருண்டு விழுந்தது.

அடுத்த நாள், காட்சி நடக்கவிருந்த நீர்வேலிக்குக் கிளம்பினோம். கோப்பாய் தாண்டியதும் வேன் இருமி நின்றது. தள்ளினோம், திட்டினோம், ஒன்றும் நடக்கவில்லை. வழியால் வந்த ஒருவர் தன் லாண்ட்மாஸ்டரை நிறுத்தினார். இரண்டு சக்கர உழவு இயந்திரம், பின்னால் ஒரு பெட்டி. லைட், ஸ்டாண்ட், கேப்டன், அவர் தொப்பி எல்லாம் அதில் ஏறின. "கமராவைக் கட்டிப் பிடிச்சிருங்கோ, இது துள்ளும்," என்றார். துள்ளியது. சிவப்பு மண் தோட்டங்களும் வாழையும் எங்களோடு சேர்ந்து துள்ளின. கேப்டன் ஆங்கிலத்தில் சொன்னார்: "வாழ்க்கையில் நான் ஏறிய குதிரைகளிலேயே முரட்டுக் குதிரை இதுதான்." ஓட்டியவருக்கு மொழிபெயர்த்தேன். "இதுக்கும் பயிற்சி குடுப்பாரோ எண்டு கேளுங்கோ," என்றார்.

நீர்வேலியில்தான் துரையைப் பார்த்தேன். வெள்ளைக் குதிரை, நெற்றியில் மட்டும் தேநீர் சிந்திய மாதிரி ஒரு கறை. சொந்தக்காரி ஜெயராணி அக்கா. அவர் தம்பி கண்ணன் வண்டி ஓட்டுபவர். கல்யாணங்களுக்கு அலங்கரித்த குதிரை வண்டி வாடகைக்கு விடுவதுதான் இருவருக்கும் பிழைப்பு. அக்கா குதிரையை "வாங்கோ ராசா, தண்ணி குடியுங்கோ" என்றுதான் கூப்பிடுவார். தம்பியை "எடேய்."

"இந்த வீட்டிலை மரியாதை வேணுமெண்டால் நாலு கால் வேணும்," என்றார் கண்ணன்.

"முதல் இருக்கிற ரெண்டு காலாலை போய்ப் புல்லுக் கொண்டு வாடா."

கதையை அக்காவே சொன்னார். போன வருடம் உரும்பிராயில் ஒரு கல்யாணம். பொம்பிளை மாப்பிள்ளையை ஏற்றி வண்டி வாசலுக்கு வந்த நேரம், யாரோ கொளுத்திய சீனவெடி, எங்கள் ஊர்ச் சரவெடி, வண்டிக்கு அடியில் விழுந்தது. துரை மிரண்டு ஓடினான். வண்டி வாய்க்காலில் சரிந்தது. பொம்பிளைக்குக் கையில் சிராய்ப்பு, அவ்வளவுதான். ஆனால் யாரோ அதைப் படம் எடுத்திருந்தார்கள்.

"அந்த வீடியோ இந்த வலிகாமப் பக்கம் முழுக்க எல்லாற்றை போனிலும் கிடக்கு, பிள்ளை. அதுக்குப் பிறகு ஒருத்தரும் கூப்பிடேல்லை. வண்டி சாக்கு மூடிக் கிடக்கு. இனி ஒரு மழைக்காலம் உப்பிடிப் போனால் துரையை விக்கத்தான் வேணும். வாங்கிறவன் வண்டிக்கு வாங்க மாட்டான்." எதற்கு வாங்குவான் என்று சொல்லவில்லை. "அதுதான், உங்கடை ஆள் துரையைப் பயம் தெளிய வைச்சு, அதை நீங்கள் வடிவா ஒரு வீடியோ எடுத்துத் தந்தால், சனம் அதைப் பாக்கும். பழசை மறக்கும்."

"சூப்பரா எடுத்துத் தர்றேன்க்கா," என்றேன். அந்த 'சூப்பரா' இப்போதும் காதில் கேட்கிறது.

கேப்டனைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். மேடையில் அவர் கொஞ்சம் நடிகர், குதிரைப் பக்கத்தில் நடிகர் இல்லை. காட்சிக்கு முந்திய நாட்களில் விடியற்காலை துரையோடு வாழைத்தோட்டத்து ஒழுங்கையில், அந்த ஒடுக்கமான சந்தில், நடந்தார். தூரத்தில் தவில்காரர் ஒருவர் மெல்லத் தட்டுவார். துரையின் காது விறைக்கும். அது தளரும் வரை காத்திருந்து, தளர்ந்ததும் தவிலை நிறுத்தக் கை காட்டிவிட்டு, துரையை விட்டு விலகி நடப்பார். பிறகு இன்னும் கொஞ்சம் கிட்டே. நான் புதரிலும் வரப்பிலும் கிடந்து அதையெல்லாம் எடுத்தேன். பின்னணி வேலை என்றால் பெரும்பாலும் காத்திருப்பு, எறும்புக்கடி, பேட்டரி தீர்ந்துவிடுமோ என்ற பயம். கண்ணன் தினமும் ஒரு சீப்பு கதலிப்பழம் கொண்டுவந்து என் பையில் திணிப்பார். "படம் எடுக்கிற ஆளுக்குத் தெம்பு வேணும்."

காட்சி நாளன்று சனசமூக நிலைய மைதானத்தில் இரும்புக் குழாய்களால் வட்ட வேலி கட்டினோம். அயல் ஊர்களிலிருந்தெல்லாம் கூட்டம் வந்தது. பிளாஸ்டிக் கதிரைகள் போதாமல் மதிலிலும் லாரியிலும் ஏறி நின்றார்கள். சேகர் அண்ணனின் பெரிய கேமரா மேடையில். என் கேமரா வேலியோரத்தில் ஸ்டாண்டில், என் கையில் மைக்.

கேப்டன் பேசினார், நான் தமிழில் சொன்னேன். "குதிரை சரியாகச் செய்த அந்த நொடியே விட்டுவிட வேண்டும். நிறுத்துவதுதான் அதற்குக் கொடுக்கும் பரிசு. உடனே இன்னொரு தடவை கேட்டால், முதலில் செய்தது தப்போ என்று அதற்குக் குழப்பம் வந்துவிடும்." எனக்கு உற்சாகம் தாங்கவில்லை. தேத்தண்ணிக் கடைத் தமிழில் ஒரு தரம் சொல்லிப் பார்த்தேன்: "சரியாச் செய்தால், அதோடை விட்டிடுங்கோ!"

"தங்கச்சிக்கு எங்கடை கதை வருது!" என்று மதிலிலிருந்து யாரோ கத்த, கை தட்டினார்கள். நான் தலை குனிந்து வணக்கம் வைத்தேன்.

துரை உள்ளே வந்தான். கழுத்தில் ஒரு தளர்ந்த கயிறு, அதன் நுனி கண்ணன் கையில். தவில் தொடங்கியது. நாதஸ்வரம் சேர்ந்தது. துரையின் காது முன்னுக்கும் பின்னுக்கும் போனது, கால் அசையவில்லை. கேப்டன் கை காட்ட, மைதான மூலையில் காட்சியை நடத்திய ஊர்ச் சங்கத்துக்காரர் ஒருவர் சீனவெடிச் சரத்தின் சிறு துண்டைக் கொளுத்தினார். படபடவென்று வெடித்தது. துரையின் உடம்பில் ஒரு நடுக்கம் ஓடியது. நின்றான். மூச்சை நீளமாக விட்டான். தலையைத் தாழ்த்தினான்.

கூட்டம் எழுந்து நின்று ஆரவாரித்தது. ஜெயராணி அக்கா சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். கண்ணன் பல் தெரியச் சிரித்தார். நான் என் கேமராத் திரையைப் பார்த்தேன். துரையின் கண், காது, மூச்சு, எல்லாம் தெளிவாக விழுந்திருந்தது. சேகர் அண்ணன் மேடையிலிருந்து கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார்.

எங்கள் தொழிலில் ஒரு பழக்கம் உண்டு. எடுத்தது நன்றாக வந்தால்கூட, எதற்கும் இருக்கட்டும் என்று இன்னொரு தடவை எடுத்து வைப்போம். திருச்சிக் கல்யாணங்களில் ஒரே ஜோடியை மூன்று தடவை மாலை மாற்ற வைத்திருக்கிறோம். மணமக்கள் சிரித்துக்கொண்டே மாற்றுவார்கள். அது யோசித்துச் சொல்வதில்லை, தும்மல் மாதிரி வருவது.

"அண்ணே, சேஃப்டிக்கு ஒண்ணு போலாமா? கேப்டனோட முகம் திரும்பியிருந்துச்சு."

மைக் கையில் இருந்தது. நீர்வேலி முழுவதும் கேட்டது.

கேப்டனுக்குத் தமிழ் தெரியாது, 'சேஃப்டி' தெரியும். என்னைப் பார்த்தார். துரையைப் பார்த்தார். பிறகு பெரிய கேமராவைப் பார்த்தார். தொப்பியைச் சரி செய்துகொண்டு, அந்தப் பக்கமாக முகம் தெரியும்படி இரண்டு அடி நகர்ந்து நின்றார். அவர் வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். சேகர் அண்ணன் சொல்லியிருக்கலாம். சில நிமிடங்களுக்கு முன் அந்தப் பாடத்தை ஒலிபெருக்கியில் ஊருக்கே எடுத்தவள் நான்.

"இன்னொருக்காவோ?" என்றார் அக்கா, வேலியைப் பிடித்தபடி. "அவர் பொறுத்திட்டார் தானே?"

"ஒரே ஒரு தடவைக்கா."

முதல் வெற்றியில் வெடிக்காரருக்கும் தைரியம் வந்துவிட்டது. இந்த முறை முழுச் சரத்தையும் எடுத்தார், கிட்டேயும் வந்தார். முதல் வெடியிலேயே துரை பின்வாங்கினான். இரண்டாவதில் பின்னங்காலில் எழும்பினான். கயிறு கண்ணனின் உள்ளங்கையை உரித்துக்கொண்டு போனது. இரும்புக் குழாய்கள் சரிந்தன, சனம் கதிரைகளோடு சிதறியது, வெள்ளையாக ஏதோ ஒன்று ரோட்டைக் கடந்து வாழைத்தோட்டத்துக்குள் புகுந்தது. வாழைகள் ஒடியும் சத்தம் மட்டும் வந்தது.

கண்ணனின் கையைத் தவிர யாருக்கும் அடி இல்லை. நான் திரும்பிப் பார்த்தபோது மைதானம் முழுக்கக் கைப்பேசிகள் உயர்ந்திருந்தன.

துரையைக் கண்டுபிடித்தோம். தோட்டத்து நடுவில், ஒடிந்த வாழைகளுக்கிடையில், வியர்த்து நின்றான். அக்கா "ஒண்டுமில்லை ராசா, ஒண்டுமில்லை" என்று சொல்லிக்கொண்டே கழுத்தைத் தடவினார். தோட்டக்காரர் வந்து ஒடிந்த குலைகளைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார், ஒரு குலையைத் தோளில் தூக்கிக்கொண்டு போய்விட்டார். பிறகு அக்கா என் பக்கம் திரும்பினார்.

"பிள்ளை, முதல் எடுத்தது நல்லா வரேல்லையோ?"

"நல்லா வந்துச்சுக்கா."

"அப்ப ஏன்?"

கோபமாகக் கேட்கவில்லை. உண்மையிலேயே தெரியாமல் கேட்டார். அதற்குப் பதில் இருக்கும் என்று நம்பிக் கேட்டார். படப்பிடிப்பு, ஆங்கிள், முகம் என்று எல்லாச் சொல்லும் வந்து நின்றன. குனிந்து, ஒடிந்த வாழைத் தண்டுகளை ஓரமாக இழுத்துப் போட்டேன்.

அன்று மத்தியானம் எங்களுக்கு அவர் வீட்டில்தான் சாப்பாடு. முதல் நாளே சொல்லிவிட்டார். போகாமல் இருந்துவிடலாம் என்று கேட்டேன், சேகர் அண்ணன் "அது இன்னும் மோசம்" என்றார். சோறு, மீன்குழம்பு, வாழைப்பூ வறை, அப்பளம். கண்ணன் வலது கையில் துணி சுற்றிக்கொண்டு, இடது கையால் எங்களுக்குத் தண்ணீர் வைத்தார். நான் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தேன்.

"சாப்பிடுங்கோ பிள்ளை. சமைச்சதைக் கொட்டுறதே?" என்று அக்கா இன்னொரு கரண்டி போட்டார். எங்கள் ஊரில் இப்படி நடந்திருந்தால் கேமரா உடைந்திருக்கும். உடைத்திருக்கலாம். அந்தக் குழம்பு நன்றாக இருந்தது என்பதுதான் தாங்க முடியாததாக இருந்தது.

கேப்டனும் சாப்பிடவில்லை. கை கழுவிவிட்டு வந்து, அக்கா முன்னால் தொப்பியைக் கழற்றினார். "தவறு குதிரையுடையது அல்ல, என்னுடையது. அவனிடம் நான் சொன்ன சொல்லைக் காப்பாற்றவில்லை." நான் மொழிபெயர்த்தேன். 'என்னுடையது' என்ற இடத்தில் 'எங்களுடையது' என்று மாற்றிச் சொன்னேன். அக்கா தலையாட்டினார்.

முதல் தடவை எடுத்ததை அன்று மாலையே வெட்டி, அழகாக்கி, அக்கா சொன்னபடி ஏற்றினோம். கீழே முதலில் வந்த கருத்து: "மிச்சத்தையும் போடுங்கோவன்." இரண்டாவது, துரை வாழைக்குள் பாயும் காட்சி. அதற்கு யாரோ பாட்டும் போட்டிருந்தார்கள். பழைய கல்யாண வீடியோவும் திரும்ப எழும்பி வந்தது. இப்போது இரண்டு.

விடிந்ததும் சேகர் அண்ணன் பெட்டிகளைக் கட்டினார். அடுத்த காட்சி திருகோணமலையில். கேப்டன் கண்ணனுக்கு ஒழுங்கையில் நடத்தும் விதத்தை இன்னொரு தரம் காட்டிக் கொடுத்துவிட்டு, கொஞ்சநாளைக்கு வெடி வேண்டவே வேண்டாம், மேளம் மட்டும் பழக்கு என்றார். நான் வேனில் ஏறவில்லை.

"என்ன, இங்கேயே இருந்து ஆவணப்படமா?" என்றார் சேகர் அண்ணன்.

"இல்லண்ணே. கேமராவையும் நீங்களே எடுத்துட்டுப் போங்க." அவர் என் நெற்றியில் கை வைத்துப் பார்த்தார்.

அக்கா வீட்டில் என்ன செய்வதென்று தெரியாமல் புல்லு அள்ளிப் போட்டேன், தொட்டி கழுவினேன். நாலைந்து நாள் விடியற்காலையில் தவில்காரர் வந்தார். துரை பழையபடி நடந்தான். ஒருநாள் வண்டியில் பூட்டினார்கள், அதற்கும் நின்றான். கண்ணன்தான் சொன்னார். "இனி வீடியோவாலை ஒண்டும் சரிவராது அக்கா. சனம் கண்ணாலை பாக்கவேணும். வண்டியைச் சோடிச்சு, மேளத்தோடை, உரும்பிராய்க்கு ஓடுவம். அதே கலியாண வீட்டு வாசலாலை."

"வெறும் வண்டியைப் பாத்து ஆர் நம்புவினம்?" என்றார் அக்கா. "ஒரு பொம்பிளை இருந்து போனால்தானே பயமில்லை எண்டு தெரியும்."

அயலில் கேட்டுப் பார்த்தார். தங்கள் பெண்ணை அந்த வண்டியில், அதுவும் கல்யாணக் கோலத்தில், ஊர் பார்க்க ஏற்ற யாருக்கு மனம் வரும்? ஒருவர் முகத்துக்கு நேரேயே சொன்னாராம், "கலியாணம் பேசிற பிள்ளை, வாய்க்காலுக்குள்ளை விழுந்தால் பிறகு ஆர் வருவான்?"

"நான் இருக்கிறேன்க்கா," என்றேன்.

அக்கா என்னை மேலும் கீழும் பார்த்தார். "கொம்மாவுக்குத் தெரியுமோ?"

தெரியாது. தெரிந்தால் அடுத்த கப்பலில் வருவார்.

"தமிழ்நாட்டுப் பொம்பிளை எண்டால் சனம் இன்னும் கூட வரும்," என்றார் கண்ணன். "ஆனால் பக்கத்திலை மாப்பிள்ளை?"

"நீயே இரன்," என்றார் அக்கா.

"அப்ப வண்டியை ஆர் ஓட்டுறது, துரையோ?" கொஞ்சம் யோசித்தார். "ஒடிஞ்ச குலை ஒண்டை வேட்டி சுத்தி வைப்பம். தோட்டக்காரருக்கும் ஒரு மரியாதை."

அக்கா சிரித்தார். மைதானத்துக்குப் பிறகு அவர் சிரித்து நான் கேட்டது அப்போதுதான். நான் சிரிப்பில் சேர்ந்துகொள்ள இன்னும் எனக்கு உரிமை வந்ததாகத் தோன்றவில்லை, குனிந்து தொட்டியைக் கழுவினேன்.

நாளைக் காலை ஊர்வலம். சிவப்புக் கூறைச் சேலை அக்காவுடையது. சட்டையை இடுப்பில் பிடித்துத் தைக்கக் கொடுத்திருக்கிறது, அது வரும் வரைதான் இதை எழுதுகிறேன். தவில்காரர் வருகிறார். கோப்பாய்ப் பக்கத்துச் சனமும் வரும் என்கிறார்கள், கைப்பேசிகளோடு. வெடி யாரும் கொளுத்தமாட்டார்கள் என்று சங்கத்தில் சொல்லியிருக்கிறார்கள். யாராவது கொளுத்தினால் என்ன ஆகும் என்று நாங்கள் யாரும் பேசுவதில்லை.

கண்ணன் எனக்கு ஒரே ஒரு விஷயம்தான் சொல்லித் தந்தார். அந்தக் கல்யாண வீட்டு வாசல் வரும்போது வண்டியின் பக்கக் கம்பியைப் பிடிக்கக் கூடாது. பிடித்தால் பொம்பிளைக்குப் பயம் என்று சனம் கண்டுகொள்ளும், துரைக்கும் அது தெரிந்துவிடும். இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு சும்மா இருக்க வேண்டும். இங்கே முற்றத்தில், சாக்கு எடுத்த வெறும் வண்டியில் ஏறி உட்கார்ந்து, காலையிலிருந்து அதைத்தான் பழகிக்கொண்டிருக்கிறேன்.